‘தேனீக்கு உகந்தது’ என்று அட்டை போட்ட செடியில் புழுக்கள் செத்துவிட்டன: மருந்து ஏறாத செடியை எப்படிக் கேட்டு வாங்குவது?

#1 மஞ்சள்வெயில்

எல்லோருக்கும் வணக்கம். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வீட்டில் தொட்டியில் ஆறு வருடமாக ஒரு எலுமிச்சை நிற்கிறது. அதற்கு எந்த மருந்தும் காட்டியதில்லை. தளிர் விடும்போதெல்லாம் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி வந்து முட்டை வைக்கும். என் மகளுக்கு எட்டு வயது. பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டிப் புழுக்கள் எந்த நாளில் பச்சையாக மாறும் என்று தினமும் எட்டிப் பார்ப்பாள். இந்தத் தடவை பத்துப் புழு. செடியில் இலை போதாது என்று பார்த்தாலே தெரிந்தது. அப்போதுதான் ஐந்து புதுச் செடி வாங்கியிருந்தேன்: ஒரு எலுமிச்சங்கன்று, இரண்டு சால்வியா, ஒரு லாவண்டர், ஒரு செண்டுமல்லி. ஒவ்வொன்றிலும் தேனீ படம் போட்டு ‘தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் உகந்தது’ என்று அட்டை. இலைகளில் ஒரு ஓட்டை கிடையாது, ஒரு புள்ளி கிடையாது.

ஆறு புழுக்களைப் புதுக் கன்றுக்கு மாற்றினோம். நன்றாகத்தான் தின்ன ஆரம்பித்தன. மறுநாள் காலையில் மூன்று மண்ணில் விழுந்து துடித்துக்கொண்டிருந்தன, வாயிலிருந்து பச்சையாக நீர். சாயங்காலத்துக்குள் ஆறும் போய்விட்டன. பழைய செடியிலேயே விட்ட நான்கும் நன்றாக இருக்கின்றன, இரண்டு கூட்டுப்புழுவும் ஆகிவிட்டன. “நாமதானேம்மா மாத்தி வெச்சோம்?” என்றாள் மகள். என்ன சொல்வது?

கடையில் போய்க் கேட்டேன். “நாங்க மருந்தே அடிக்கிறதில்லைங்க” என்றார்கள். பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. அப்படியானால் எங்கே தப்பு? இனி வாங்கும்போது எதைப் பார்ப்பது, யாரைக் கேட்பது? மீதி நான்கு செடியை என்ன செய்வது? சால்வியா பூக்கத் தொடங்கிவிட்டது, தேனீக்களும் வருகின்றன. பார்க்கப் பார்க்கப் பதறுகிறது.

#2 நாற்றங்கால்

தங்கச்சி, படிச்சதும் கஷ்டமா இருந்துச்சு. நான் இருபது வருஷத்துக்கு மேல நாற்றுப் பண்ணை வெச்சிருக்கேன். இந்தப் பக்கத்துல என்ன நடக்குதுன்னு சொல்றேன்.

கடைக்காரர் சொன்னது நிஜமாத்தான் இருக்கும். அவர் அடிச்சிருக்க மாட்டார். உங்க கைக்கு வர்ற செடி பெரும்பாலும் ரெண்டு மூணு கை மாறி வந்திருக்கும். ஒருத்தர் குச்சி வெட்டி வேர் பிடிக்க வைப்பார், இல்லேன்னா குழித்தட்டுல விதை போடுவார். இன்னொருத்தர் அதை வாங்கித் தொட்டிக்கு மாத்தி வளர்ப்பார். அப்புறம்தான் விற்கிறவர். மருந்து போறது அந்த முதல் ரெண்டு இடத்துல. இலை மேல அடிக்கிறது மட்டும்னு நினைக்காதீங்க. தொட்டிக்கு மாத்தும்போதே மண்கலவையில குருணையாக் கலப்பாங்க, இல்லேன்னா தண்ணியில கரைச்சு வேருல ஊத்துவாங்க. வேர் உறிஞ்சி செடி முழுக்கக் கொண்டுபோயிடும். வாசனை வராது, வெள்ளைப் படலம் தெரியாது. கழுவினாலும் போகாது, ஏன்னா அது இலைக்கு உள்ளேயே இருக்கு.

ஏன் செய்றாங்கன்னு மறைக்காமச் சொல்றேன். வெள்ளை ஈயோ அசுவினியோ ஒரு நிழல்வலைக் கூடாரத்துக்குள்ள புகுந்தா கண்ணு மூடித் திறக்கிறதுக்குள்ள பரவிடும். வாங்க வர்றவங்க ஒரு இலைக்கு அடியில அசுவினியைப் பாத்தா அந்த வரிசையையே தொட மாட்டாங்க. குருணை ஒரு தடவை போட்டா மாசக்கணக்குல நிம்மதி. சில இடத்துல சட்டமும் நெருக்கும். அமெரிக்காவுல தீ எறும்பு பரவின பகுதியிலிருந்து வெளிய போற தொட்டிச் செடிக்குத் தனிமைப்படுத்தல் விதி இருக்கு, மண்கலவையில மருந்து கலந்து அனுப்புறது அங்க வழக்கம்.

அதனால வளர்க்கிறவங்க எல்லாரும் கெட்டவங்கன்னு நினைச்சிடாதீங்க. ஆனா வேருல அந்த மருந்தை ஊத்திட்டு மேல தேனீ படம் போட்ட அட்டையைச் செருகுறது தப்பு. நானும் அந்தத் தப்பைச் செஞ்சவன்தான். நிறுத்தி ஏழு வருஷம் ஆச்சு.

#3 நுண்நோக்கி

பூச்சியியல் படித்து அந்தத் துறையிலேயே வேலை செய்கிறேன். செடியைச் சோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும் நீங்கள் சொன்ன அறிகுறிகள் நரம்பு நஞ்சையே காட்டுகின்றன. வைரஸ் நோயாக இருந்தால் புழு சோர்ந்து, கறுத்து, தொங்கிக் கரையும். அதற்குச் சில நாள் பிடிக்கும். புழுக்களுக்கு அடிக்கும் ‘பிடி’ (Bt) என்ற பாக்டீரியா மருந்தாக இருந்தாலும் முதலில் தின்பது நிற்கும், துடிப்பு இப்படி இருக்காது. ஒரே தாய்க்கூட்டத்துப் புழுக்கள், பழைய செடியில் நான்கும் நலம், புதுச் செடியில் ஆறும் ஒரே நாளில் சாவு. தெரியாமலே ஒரு நல்ல ஒப்பீட்டுச் சோதனையைச் செய்திருக்கிறீர்கள்.

அண்ணன் சொன்ன மருந்துகளுக்கு ஊடுருவிப் பாயும் பூச்சிக்கொல்லி என்று பெயர். அவற்றில் அதிகம் புழங்குவது நியோநிக்கோட்டினாய்டு வகை: இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம், குளோதியானிடின், டைனோடெஃபுரான், அசிட்டாமிபிரிட். நிக்கோட்டினைப் போலவே பூச்சியின் நரம்பில் போய் ஒட்டிக்கொண்டு நரம்பை ஓயாமல் தூண்டிக்கொண்டே இருக்கும். வேரிலிருந்து தண்ணீர் ஏறும் பாதையிலேயே ஏறுவதால் இலை, தண்டு, மகரந்தம், பூந்தேன் எல்லா இடத்துக்கும் போகும். இமிடாகுளோபிரிட் வாய்வழியே போனால் ஒரு தேனீயைக் கொல்ல சுமார் 4 நானோகிராம் போதும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம்.

அட்டையைப் பற்றிய உங்கள் சந்தேகத்தை ஏற்கெனவே ஆராய்ந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தேனீக்கு உகந்தவை என்று விற்ற 29 செடிகளைச் சோதித்தார்கள். மருந்தே இல்லாதவை இரண்டு. நியோநிக்கோட்டினாய்டு இருந்தவை 70 சதவீதத்துக்கு மேல். ஒரு செடியில் 10 வகை மருந்து இருந்தது. உங்கள் புழுக்களுக்கு இன்னும் நெருக்கமானது 2022இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு. மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு தின்னும் மில்க்வீட் செடிகளை (நம் எருக்கின் உறவு) 33 கடைகளில் வாங்கி, 235 மாதிரிகளைப் பார்த்தார்கள். மொத்தம் 61 வகை மருந்துகள். மருந்து இல்லாத செடி ஒன்றுகூட இல்லை, சராசரியாக ஒரு செடியில் 12 வகை. காட்டுயிர்களுக்கு நல்லது என்று அட்டை போட்டவற்றில் தீங்கு செய்யும் அளவு மருந்து குறைவாக இருக்கவும் இல்லை.

அந்த அட்டை செடியின் இனத்தைப் பற்றியது. சால்வியாவில் தேன் உண்டு, தேனீ வரும் என்பது உண்மைதான். அந்தச் சால்வியாவை எப்படி வளர்த்தார்கள் என்பதைப் பற்றி அட்டை வாயே திறக்கவில்லை.

#4 கணக்கன்

இதைப் படித்துவிட்டு நான்கு பேர் செடி வாங்குவதையே நிறுத்தினால் நஷ்டம் தேனீக்குத்தான். அதனால் மறுபக்கத்தையும் சொல்லவேண்டியிருக்கிறது.

கருவியால் கண்டுபிடிக்க முடிகிற அளவு வேறு, கொல்லும் அளவு வேறு. 12 மருந்து என்றால் பயமாக இருக்கிறது. அதில் எத்தனை வெறும் சுவடு? தேனீ ஒரே செடியில் உட்கார்ந்து குடிப்பதும் இல்லை, நூறு பூவுக்குப் போகிறது. நாளாக ஆகத் தண்ணீர் ஊற்றும்போது மருந்தும் கரைந்து போய்விடும். தவிர, உண்மையிலேயே கெட்ட தேன் என்றால் தேனீக்கே தெரியாதா, அது ஒதுக்கிவிடாதா? பூ இல்லாமல் பட்டினி கிடப்பதற்கு இது மேல் என்பது என் கட்சி. இருப்பிடமும் பூக்களும் அழிந்ததுதான் பெரிய காரணம் என்று நிபுணர்களே சொல்கிறார்கள்.

புழுக்கள் விஷயத்தில் எனக்கும் வருத்தம்தான். பொதுவாகச் சொல்கிறேன்.

#5 நுண்நோக்கி

> உண்மையிலேயே கெட்ட தேன் என்றால் தேனீக்கே தெரியாதா

தெரியாது. நாமெல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். 2015இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வில், வெறும் சர்க்கரைக் கரைசலையும் மருந்து கலந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். தேனீயின் நாக்கில் இந்த மருந்துகளின் சுவையை உணரும் வழியே இல்லை. இமிடாகுளோபிரிட்டும் தயாமீத்தாக்சமும் கலந்த கரைசலைத்தான் அவை கூடுதலாகக் குடித்தன.

சுவடு பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி. 61 மருந்துகளில் பலவற்றுக்கு எந்த அளவு தீங்கு என்பதே சோதிக்கப்படவில்லை என்று அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனால் கொல்லாத அளவும் சும்மா விடுவதில்லை. 2012இல் பிரான்ஸில், கொல்லும் அளவுக்குக் கீழே தயாமீத்தாக்சம் கொடுத்த தேனீக்களைக் கூட்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் விட்டபோது பல வீடு திரும்பவில்லை. பிணம் நம் கண்ணில் படாது. வழி தவறிய தேனீ எங்கோ விழுந்து கிடக்கும்.

பூச்சியையே கொல்லாத பூஞ்சைக்கொல்லியையும் கணக்கில் எடுக்கவேண்டும். அவற்றில் ஒரு வகை, தேனீயின் உடல் நஞ்சை உடைக்கப் பயன்படுத்தும் நொதியை முடக்கிவிடும். தனியாக இருந்தால் தாங்கக்கூடிய மருந்து அப்போது தாங்க முடியாததாகிறது. 10 வகை, 12 வகை என்ற கலவை என்னை உறுத்துவதற்குக் காரணம் இது.

தொட்டிச் செடிக்கு இன்னொரு சங்கடம். வயலில் விதைக்குப் பூசும் மருந்து, செடி பெரிதாக வளர வளரப் பரந்து நீர்த்துப்போகும். சிறிய தொட்டியில் முழு அளவு மருந்தை ஊற்றினால் அதைவிடப் பல மடங்கு செறிவாகப் பூவுக்குப் போய்ச் சேரும். வீட்டுத் தோட்டம்தானே என்று விட முடியாததற்கு அதுதான் காரணம்.

இருப்பிட இழப்பு பெரிய காரணம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, கணக்கன். அதனால்தானே இவர்கள் செடி வாங்கினார்கள்?

#6 பச்சைத்தொட்டி

நான் தோட்டத்துக்குப் புதுசு. அப்ப ‘இயற்கை முறை’ன்னு போட்டிருந்தா கண்ண மூடிட்டு வாங்கலாமா? ‘நியோநிக் இல்லை’ன்னும் சில இடத்துல எழுதியிருக்காங்களே?

#7 நாற்றங்கால்

சான்று வாங்கின இயற்கை முறைன்னா ஊடுருவுற செயற்கை மருந்து போடக்கூடாது, அதனால அது நல்ல அடையாளம். ஆனா கண்ண மூடிக்காதீங்க தம்பி. ஸ்பைனோசாட், பைரித்ரம்னு ரெண்டு பூச்சிமருந்தும் இயற்கைக் கணக்குலதான் வருது, ஈரமா இருக்கும்போது தேனீ மேல பட்டா செத்துடும். காய்ஞ்சிட்டா ஸ்பைனோசாட் ஆபத்து ரொம்பக் குறையும். சாயங்காலம் தேனீ அடங்கினப்புறம் அடிக்கிறாங்களா, பூக்கிற செடிக்கு அடிக்கிறாங்களான்னு கேக்கணும். வேப்பெண்ணெயும் புழு தோலுரிக்கிறதைக் கெடுக்கும். வண்ணத்துப்பூச்சிக்குன்னு வாங்குற செடிக்கு அதுவும் ஆகாது.

‘நியோநிக் இல்லை’ங்கிறதுக்கு அர்த்தம் அந்த ஒரு குடும்பம் இல்லைங்கிறது மட்டும்தான். அதுக்குப் பதிலா வேற என்ன போட்டாங்கன்னு கேளுங்க.

#8 நுண்நோக்கி

அண்ணன் சொன்ன கடைசி வரி முக்கியமானது. சல்ஃபாக்சாஃப்ளோர், ஃப்ளூபைராடிஃபியூரோன் இரண்டும் வேறு குடும்பப் பெயரோடு வருகின்றன, வேலை செய்வது அதே நரம்பு ஏற்பியில். குளோரான்ட்ரனிலிப்ரோல் வளர்ந்த தேனீக்கு அவ்வளவு கெடுதல் இல்லை, ஆனால் அது புழுக்களுக்கென்றே செய்த மருந்து. தேனீக்குப் பாதகமில்லை என்று உண்மையாகவே சொல்லி விற்ற செடியில் வண்ணத்துப்பூச்சிப் புழு சாவதற்கு இடம் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இமிடாகுளோபிரிட், குளோதியானிடின், தயாமீத்தாக்சம் மூன்றையும் திறந்தவெளியில் தடை செய்தது. நிரந்தரப் பசுமைக்குடிலுக்கு விலக்கு வைத்தார்கள், செடி ஆயுள் முழுக்க உள்ளேயே இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. சட்டம் இருக்கிற ஊரிலும் வளர்த்த இடத்தைப் பற்றிக் கேட்பது வீண் இல்லை.

#9 தும்பைப்பூ

நாப்பது வருஷமா செடி வளர்க்கிறவ நான். எனக்கு மருந்துப் பேரெல்லாம் வாயில நுழையாது. நான் வாங்குற விதத்தைச் சொல்றேன், கேட்டுக்கோங்க.

முதல்ல செடியைப் பாக்க மாட்டேன், கடையைச் சுத்திப் பாப்பேன். பூத்து நிக்கிற இடத்துல ஒரு ஈ, ஒரு தேனீ, ஒரு சிலந்தி இல்லேன்னா எனக்கு மனசு ஒப்பாது. அடுத்தது இலை. ஓரத்துல கொஞ்சம் கடிச்சிருக்கணும், இலையைத் திருப்பினா ரெண்டு அசுவினி இருந்தாலும் சரி. பொறிவண்டு ஊருதுன்னா அந்தச் செடியை விடவே மாட்டேன். ரோஜா இலையில கத்தரிக்கோலால வெட்டின மாதிரி அரைவட்டம் இருந்தா அது இலைவெட்டித் தேனீ கூடு கட்ட எடுத்துட்டுப் போனது. நிறைய பேர் அதைப் பாத்து முகம் சுளிச்சு வெச்சுட்டுப் போவாங்க, நான் எடுத்துக்குவேன்.

வண்ணத்துப்பூச்சிக்குன்னு செடி வாங்குறோம். அது இலையைத் திங்கத்தானே வாங்குறோம்? ஓட்டை இல்லாத இலை வேணும்னு நாமளே கேட்டா வளர்க்கிறவர் என்ன பண்ணுவார்?

மஞ்சள்வெயில் கண்ணு, உன் பொண்ணுகிட்ட சொல்லு, தப்பு அவ மேல இல்லை, உன் மேலயும் இல்லை. பசிக்குதுன்னு பாத்து இலை இருக்கிற இடத்துக்கு மாத்தினீங்க. நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.

#10 மஞ்சள்வெயில்

தும்பைப்பூ அம்மா, நீங்கள் எழுதியதை மகளுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். நன்றி.

எல்லோரிடமும் ஒரே கேள்வி. கடையில் போய் நின்று சரியாக எப்படிக் கேட்பது? “மருந்து அடிச்சீங்களா?” என்றால் “இல்லை” என்று பதில் வந்துவிடுகிறது.

#11 நாற்றங்கால்

அந்தக் கேள்விக்கு அந்தப் பதில்தான் வரும். ‘அடிச்சீங்களா’ன்னா ஸ்பிரேயைத்தான் நினைப்பாங்க. நீங்க இப்படிக் கேளுங்க: “இந்தச் செடி எங்க வேர் பிடிச்சது, இங்கயா வெளியவா?” வெளியன்னா, “அவங்க மண்ணுல குருணை கலப்பாங்களா, வேருல ஊத்துவாங்களான்னு விசாரிச்சுச் சொல்ல முடியுமா?” விசாரிச்சுச் சொல்றேன்னு ஃபோன் எடுக்கிறவர் நல்ல ஆள். பதில் உங்களுக்குப் பிடிக்காததா இருந்தாலும் அவரை விட்டுடாதீங்க.

இங்கயே வளர்த்ததுன்னா, “வெள்ளை ஈ வந்தா என்ன செய்வீங்க?”ன்னு கேளுங்க. என்கிட்ட கேட்டா நிறுத்தாமச் சொல்லுவேன்: மஞ்சள் ஒட்டு அட்டை கட்டி வாரா வாரம் எண்ணுவேன், என்கார்சியாங்கிற குட்டிக் குளவியை விடுவேன், மோசமான செடியைத் தூக்கி எறிவேன், சோப்புக் கரைசல் இலைக்கு அடியில படுற மாதிரி அடிப்பேன். சிலந்திப்பேனுக்கு அதைத் திங்கிற இன்னொரு பேனையே விடுவேன். அசுவினிக்குப் பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி. செஞ்சு பழகினவர்கிட்ட இந்த மாதிரி விவரம் வரும். “எங்களுக்குப் பூச்சியே வராதுங்க”ன்னு ஒருத்தர் சொன்னா அங்கதான் நீங்க யோசிக்கணும். பூச்சி வராத பண்ணையை இத்தனை வருஷத்துல நான் பாத்ததில்லை.

கடைசியா, எவ்வளவு நாள் முன்னாடி போட்டதுன்னு கேளுங்க. நிறுத்துனப்பவே ஒரே நாள்ல என்னாலயும் நிறுத்த முடியல. முதல் வருஷம் எனக்குச் செடி நிறையப் போச்சு. குளவியும் பொறிவண்டும் நிலைச்சு நிக்க ஒரு பருவம் ஆச்சு. இன்னைக்கு மருந்துச் செலவைவிட அட்டைச் செலவு, ஆள் செலவுதான் அதிகம். அதை வாங்க வர்றவங்ககிட்ட நேராச் சொல்றேன், பெரும்பாலானவங்க புரிஞ்சுக்கிறாங்க.

#12 கணக்கன்

நுண்நோக்கி கொடுத்த விவரங்களைத் தேடிப் படித்தேன். தேனீ ஒதுக்கிவிடும் என்று நான் சொன்னது தவறு, திரும்பப் பெறுகிறேன். தண்ணீரில் கரைந்து போய்விடும் என்றதும் பாதி உண்மைதான். இமிடாகுளோபிரிட் தண்ணீரில் கரையும், கொஞ்சம் வடிந்தும் போகும். ஆனால் வெயில் படாத மண்ணுக்குள் மாதக்கணக்கில், சில மண்ணில் வருடத்துக்கு மேலும் தங்குகிறது. வடிந்து போவது எங்கே போகிறது என்பதையும் நான் யோசித்திருக்கவில்லை. நீர்ப்பூச்சிகளுக்கு அது தேனீக்குச் செய்வதையே செய்கிறது.

ஆனால் ஒன்றில் மாறவில்லை. எல்லாச் செடியையும் பிடுங்கி எறிவது சரியென்று படவில்லை. மஞ்சள்வெயிலின் நான்கு செடிகளையும் காப்பாற்ற வழி இருக்கவேண்டும்.

#13 நுண்நோக்கி

இருக்கிறது, நானும் எறியச் சொல்லமாட்டேன். மஞ்சள்வெயில், முதலில் இன்றைக்கே சால்வியாப் பூங்கொத்துகளைக் கிள்ளிவிடுங்கள். லாவண்டரிலும் மொட்டு வந்தால் அப்படியே. எலுமிச்சங்கன்றை முட்டை வைக்க முடியாதபடி மெல்லிய கொசுவலையால் மூடி, வலையின் அடியைத் தொட்டியோடு கட்டிவிடுங்கள். தொட்டியில் இருக்கும் பழைய மண்ணை வேர் அறாமல் முடிந்தவரை உதிர்த்துப் புது மண்ணுக்கு மாற்றுங்கள். செடிக்குள் ஏறிவிட்டதை அது எடுக்காது, இனி ஏறப்போவதைக் குறைக்கும். அந்த மண்ணைத் தோட்டத்தில் கொட்டவேண்டாம், கழுவியும் விடவேண்டாம், கட்டிக் குப்பையோடு போடுங்கள். தேனீ இனங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்பவை. பூ வழியே போகாத மருந்து மண் வழியே அவற்றைப் பிடிக்கும்.

செண்டுமல்லி ஒரு பருவச் செடி. பூவைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் அதை வைத்திருப்பதில் அர்த்தமில்லை, அதை மட்டும் விட்டுவிடலாம். சால்வியாவும் லாவண்டரும் ஒரு முழுப் பருவம் பூக்காமல் வளர்ந்து, பழைய கிளையை வெட்டிப் புதுத் தளிர் விட்ட பிறகு பூக்கட்டும். கட்டை பிடித்த மரவகைகளில் மருந்து ஒரு வருடத்துக்கு மேலும் தங்கும், அதனால் எலுமிச்சையை இரண்டு வருடம் வலைக்குள் வைப்பேன். இத்தனை நாள் என்று துல்லியமாக யாராலும் சொல்ல முடியாது. என்ன மருந்து, எவ்வளவு என்பதே நமக்குத் தெரியாதே. அதனால் கூடுதலாக வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

மரத்துக்கு ஏன் இத்தனை எச்சரிக்கை என்றால், 2013இல் அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் வில்சன்வில் என்ற ஊரில், ஒரு கடைத்தொகுதியின் வாகன நிறுத்தத்தில் பூத்து நின்ற லிண்டன் மரங்களுக்கு டைனோடெஃபுரான் அடித்தார்கள். மரத்தடியில் 50,000க்கு மேல் பம்பிள்பீக்கள் (உடல் பருத்த ஒரு தேனீ வகை) செத்துக் கிடந்தன. அசுவினிக்காக அடித்தது. கடைசியில் மரங்களுக்கு வலை போட்டு மூடவேண்டியதாயிற்று.

#14 தும்பைப்பூ

வாங்கித்தான் ஆகணும்னு எதுக்கு? விதையில இருந்து தொடங்கினா பாதிக் கவலை தீர்ந்துது. விதைப் பொட்டலத்தைப் பிரிச்சதும் ரோஸ், நீலம், பச்சைன்னு சாயம் பூசியிருந்தா அது மருந்து ஏத்தின விதையா இருக்கலாம், பொட்டலத்துல படிச்சுப் பாருங்க. நேர்த்தி செய்யாத விதைன்னு கேட்டு வாங்கலாம். சூரியகாந்தி, துளசி, காசித்தும்பை எல்லாம் விதையிலேயே வேகமா வந்துடும். துளசி பூக்கிற காலத்துல பக்கத்துல போய் நின்னா காதுல ரீங்காரம் கேக்கும். சூரியகாந்தியில ஒண்ணு கவனிங்க, பூச்சாடிக்குன்னு வர்ற சில ரகத்துல மகரந்தமே கிடையாது. அடுக்கு அடுக்கா இதழ் வெச்ச பூவுலயும் தேனீ உள்ள போக வழி இருக்காது. மருந்தே இல்லாட்டியும் அது வெறும் வாசல்தான்.

மருந்து போடாம வளர்க்கிற அக்கம்பக்கத்துல குச்சி கேளுங்க. யாரும் இல்லேன்னு சொல்ல மாட்டாங்க. நான் வெச்சிருக்கிற முக்கால்வாசிச் செடி அப்படி வந்ததுதான்.

#15 பச்சைத்தொட்டி

நேத்துத்தான் ஒரு பொட்டலம் பிரிச்சேன், விதை நீலமா இருந்துச்சு. அழகுக்குன்னு நினைச்சேன்! பொட்டலத்துல சின்ன எழுத்துல மருந்துப் பேர் இருக்கு. பூவுக்குன்னு வளர்க்கிற செடி இல்லைதான், ஆனாலும் விதைக்காம வெச்சிருக்கேன். நன்றிம்மா.

#16 மஞ்சள்வெயில்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். போய்க் கேட்டேன், அண்ணன் சொல்லிக் கொடுத்த வார்த்தைகளிலேயே.

முதல் இடத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை, கேட்டுச் சொல்லவும் விருப்பமில்லை. இரண்டாவது, நான் முன்பு வாங்கிய அதே கடை. இந்த முறை வேர் பிடித்தது எங்கே என்று கேட்டதும் அவர் யோசித்தார், எனக்கு முன்னாலேயே தொலைபேசியில் பேசினார். எலுமிச்சங்கன்றுகளுக்குத் தொட்டி மாற்றும்போது குருணை போடுவது வழக்கம் என்று அந்தப் பக்கம் பதில் வந்தது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “எனக்கே இப்பத்தாங்க தெரியும்” என்றார். கோபத்தோடு போனவள் நான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு திட்ட மனம் வரவில்லை. அந்த அட்டைகளை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். எலுமிச்சையிலிருந்து எடுத்துவிட்டார். மற்றவற்றுக்கும் விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது இடம் ஒரு சின்னப் பண்ணை. வெள்ளை ஈ வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு அந்த அம்மா பேச்சை நிறுத்தவே இல்லை. ஒரு இலையைத் திருப்பி, மயிரிழை மாதிரிக் காம்பின் நுனியில் நிற்கும் வெள்ளை முட்டைகளைக் காட்டினார், கண்ணாடி இறக்கைப் பூச்சி வைத்ததாம். அங்கே ஒரு சால்வியாவும் ஒரு துளசியும் மட்டும் வாங்கினேன். சால்வியாவின் கீழ் இலைகளில் ஐந்து ஓட்டை. எண்ணியது மகள்.

வலைக்குள் இருக்கும் எலுமிச்சங்கன்றில் அவள் ஒரு ஒட்டுக்காகிதம் ஒட்டி, வலை போட்ட தேதியையும் இரண்டு வருடம் கழித்து வரும் தேதியையும் எழுதியிருக்கிறாள். பழைய செடியின் நான்கு கூட்டுப்புழுக்களில் மூன்று பறந்துவிட்டன. நான்காவதிலிருந்து சின்னக் குளவி ஒன்று வந்தது. முதலில் அழுதாள். அதற்கும் பிழைப்பு வேண்டுமே என்று சொன்னேன், கொஞ்ச நேரத்தில் அதற்கு என்ன பெயர் என்று கேட்டாள். நுண்நோக்கி, படம் எடுத்து வைத்திருக்கிறேன், அனுப்பவா?

#17 நுண்நோக்கி

கட்டாயம் அனுப்புங்கள். பெரிதாக்கிப் பார்த்துச் சொல்கிறேன். கூட்டுப்புழுவின் வெற்றுக் கூட்டையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், குளவி வெளியே வந்த துளையின் இடமும் அளவும் உதவும்.

#18 நாற்றங்கால்

தங்கச்சி, படிச்சிட்டு நேத்து ராத்திரியே உக்காந்து எங்க பண்ணைக்குப் புது அட்டை எழுதினேன். தேனீ படம் இல்லை. ‘வேர் பிடித்த இடம், மண்ணில் போட்டது, இலையில் அடித்தது’ன்னு மூணு வரி, ஒவ்வொரு தட்டுக்கும் கையால நிரப்புற மாதிரி. வெளியிலிருந்து வாங்கின நாத்துக்கு எனக்கே பதில் தெரியாத இடம் ரெண்டு இருக்கு. அங்க ‘தெரியவில்லை, கேட்டிருக்கிறோம்’னே எழுதிட்டேன். வேற ஏதாவது சேக்கணுமா?

#19 தும்பைப்பூ

தேதி விட்டுப்போச்சு தம்பி. சோப்புத் தண்ணியா இருந்தாலும் என்னைக்கு அடிச்சதுன்னு போடுங்க.

#20 நாற்றங்கால்

சேத்துட்டேன்மா.